கையெழுத்துக்கு முன் கை ஆறட்டும்

பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஒரு வாசகியின் நீண்ட கடிதம் இது. சுருக்கித் தருகிறேன்.

வயது 34. அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழிற்சாலையில் மெஷின் ஓட்டுகிறார். ஒன்பது வாரங்களுக்கு முன், இரவு ஷிஃப்டில் மெஷினுக்குள் அட்டை சிக்கிக்கொண்டது. நிறுத்தினால் மறுபடி செட் செய்ய நேரமாகும் என்பதால், ஓடும்போதே கையை விட்டு இழுத்துவிடுவதுதான் அங்கே எல்லோருக்கும் வழக்கம். இவரும் அப்படித்தான் செய்தார். அந்த இடத்தை மூடியிருக்க வேண்டிய பாதுகாப்பு மூடியைப் பல மாதங்களுக்கு முன்பே யாரோ கழற்றி ஓரமாக வைத்துவிட்டார்கள். வலது கையில் நடுவிரலையும் மோதிர விரலையும் மடக்கும் தசைநாண்கள் அறுந்தன. மோதிர விரலுக்குப் போகும் ஒரு நரம்பும் அறுந்தது. அன்றிரவே அறுவை சிகிச்சை நடந்தது. மருத்துவமனைச் செலவை நிறுவனமே கட்டியது.

போன வாரம் மேலாளர் வீட்டுக்கு வந்திருக்கிறார். “ஆஸ்பத்திரி செலவெல்லாம் நாங்களே பார்த்துக்கிட்டோம், க்ளெய்ம், கேஸ்னு போகாதீங்க” என்று சொல்லி, டைப் செய்த ஒரு தாளை நீட்டியிருக்கிறார். ‘பாதுகாப்பு விதிகளை மீறி, என் கவனக்குறைவால் நடந்த விபத்து. இரண்டு மாதச் சம்பளத்தைப் பெற்றுக்கொண்டேன். இனி எனக்கு எந்தக் கோரிக்கையும் இல்லை.’ கையெழுத்துப் போட்டால் அடுத்த வாரமே அதே மெஷினில் வேலை. “லைட் டூட்டியெல்லாம் நம்மகிட்ட கிடையாது” என்றும் சொல்லிவிட்டார்.

அண்ணன் இதற்கு நேர் எதிராகப் பேசுகிறார். க்ளெய்ம் முடிகிறவரை வேலைப் பக்கமே தலைகாட்டாதே, ஒரு நாள் போனாலும் ஒன்றும் கிடைக்காது, பரிசோதனைக்குக் கூப்பிட்டால் கையை ஸ்லிங்கில் மாட்டிக்கொண்டு போ, விரலை அசைத்துக் காட்டாதே என்கிறார். “தப்பு என் மேலதானே டாக்டர், நான் எந்த முகத்தோட கேக்கறது?” என்று கேட்கிறார் வாசகி. கடைசி வரிகளில், வீட்டில் யாருக்கும் சொல்லாத ஒன்றையும் எழுதியிருக்கிறார். எங்காவது மெஷின் சத்தம் கேட்டால் உள்ளங்கை வியர்க்கிறது. இரவில் தூக்கம் கெட்டுப்போய்விட்டது.

அன்புள்ள சகோதரி,

மேலாளர் சொல்வது, அண்ணன் சொல்வது என்று உங்கள் முன்னால் இரண்டு வழிகள்தான் இருப்பதாக நினைக்கிறீர்கள். இரண்டுமே உங்கள் கைக்குக் கெடுதல். நான் வேலையிடத்துக் காயங்களைப் பார்க்கும் மருத்துவர். அதனால் கையைப் பற்றியும், கையைச் சுற்றியுள்ள காகிதங்களைப் பற்றியும் சேர்த்தே சொல்கிறேன். எந்த நாட்டில் வேலை செய்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. எத்தனை நாளுக்குள் மனு கொடுக்க வேண்டும், எத்தனை சதவீதம் கிடைக்கும் என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறும். அதை உங்கள் ஊர் தொழிலாளர் அலுவலகத்திலோ தொழிற்சங்கத்திலோ இந்தத் துறை தெரிந்த வழக்கறிஞரிடமோ கேட்டுக்கொள்ளுங்கள். நான் சொல்லப்போவது பெரும்பாலான நாடுகளுக்குப் பொதுவான அடிப்படை.

தப்பு யார் மேல் என்ற கேள்வி

உங்களை இத்தனை வாரம் வாயடைக்க வைத்தது இந்தக் கேள்விதான். முதலில் இதைத் தீர்த்துவிடுவோம்.

ஒரு காலத்தில், அடிபட்ட தொழிலாளி நீதிமன்றத்துக்குப் போய் முதலாளி மேல் தவறு இருந்தது என்று நிரூபித்தால்தான் காசு கிடைக்கும். தொழிலாளியின் கவனக்குறைவு கொஞ்சம் கலந்திருந்தாலும் வழக்கு தள்ளுபடியாகிவிடும். கை போனவர்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போனார்கள். 1884-இல் ஜெர்மனியில் வந்த விபத்துக் காப்பீட்டுச் சட்டம் அந்த முறையை மாற்றியது. வேலையால், வேலை நேரத்தில் அடிபட்டதா என்பது மட்டுமே கேள்வியானது. தவறு யாருடையது என்று தேடுவது நின்றது. பதிலுக்கு, தொழிலாளி முதலாளி மேல் பெரிய நஷ்டஈட்டு வழக்குப் போடும் உரிமையைப் பெருமளவு விட்டுக்கொடுத்தார். பின்னர் உலகின் பல நாடுகள் இதே ஏற்பாட்டைப் பின்பற்றின.

அதனால், அவசரத்தில் கையை விட்டதும், களைப்பில் கவனம் சிதறியதும் பொதுவாக உங்கள் உரிமையைப் பறிக்காது. மனிதர்கள் அவசரப்படுவார்கள், களைப்பார்கள் என்பது தெரிந்துதான் அந்தச் சட்டங்களே எழுதப்பட்டன. விதிவிலக்குகள் உண்டு. குடித்துவிட்டு வேலை செய்தது, வேண்டுமென்றே தன்னைக் காயப்படுத்திக்கொண்டது போன்றவை. சில நாட்டுச் சட்டங்களில், தொழிலாளி தெரிந்தே பாதுகாப்பு உத்தரவை மீறியதும், பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே அகற்றியதும் அந்தப் பட்டியலில் வரும்.

இப்போது மேலாளர் கொண்டுவந்த தாளின் முதல் சொற்களைத் திரும்பப் படியுங்கள். ‘பாதுகாப்பு விதிகளை மீறி.’ அது போகிற போக்கில் எழுதிய வார்த்தை இல்லை. வெறும் கவனக்குறைவு என்று எழுதினால் உங்கள் உரிமை போகாது. விதியை மீறினேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்தால் அந்த விதிவிலக்குக்குள் உங்களைத் தள்ளப் பார்க்கலாம். மூடியை நீங்கள் கழற்றவில்லை. மூடி இல்லாத மெஷினை மாதக்கணக்கில் ஓட விட்டது நிர்வாகம். ஓடும்போதே கையை விடுவது அங்கே ஊரறிந்த வழக்கம். நடக்காத ஒன்றை நடந்ததாக ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டு மாதச் சம்பளம் எதற்கு?

தொகையையும் பார்த்துவிடலாம். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1964-இல் கொண்டுவந்த 121-ஆம் உடன்படிக்கை, வேலைக் காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய முடியாத காலத்துக்கு, மனைவியும் இரண்டு குழந்தைகளும் உள்ள ஒரு தொழிலாளிக்குச் சம்பளத்தில் 60 சதவீதம் என்று ஒரு குறைந்தபட்ச அளவை வைக்கிறது. எல்லா நாடுகளும் அதை ஏற்கவில்லை, சில நாடுகள் அதைவிட அதிகம் தருகின்றன. ஒரு அளவுகோலாக மட்டும் எடுத்துக்கொள்வோம். நீங்கள் வீட்டிலிருக்கும் இந்த ஒன்பது வாரத்துக்கே அது ஐந்து வாரச் சம்பளத்துக்கு மேல் வந்துவிடுகிறது. இரண்டு மாதச் சம்பளத்தில் மீதி இருப்பது ஏறக்குறைய மூன்று வாரச் சம்பளம். இனி வரப்போகும் சிகிச்சை, வேலைக்குப் போகாத நாட்கள், வலது கையில் நிரந்தரமாகத் தங்கக்கூடிய குறை அனைத்துக்கும் சேர்த்து அவர்கள் தருவது அந்த மூன்று வாரச் சம்பளம்தான்.

அந்த நிரந்தரக் குறை எவ்வளவு என்பது இன்றைக்கு உங்கள் அறுவை சிகிச்சை நிபுணருக்கே தெரியாது. தைத்த நரம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர்தான் வளரும். உள்ளங்கையிலிருந்து மோதிர விரல் நுனி வரை அது போய்ச் சேர மாதக்கணக்காகும், சேர்ந்த பிறகும் உணர்வு பழையபடி திரும்பாமல் போகலாம். தைத்த தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டு விரல் முழுதாக மடங்காமல் நின்றால், அதை விடுவிக்கச் சிலருக்கு இரண்டாவது அறுவை சிகிச்சை தேவைப்படும். குளிரில் விரல் விறைத்து வலிப்பது சிலருக்கு ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். கை இனி இதற்கு மேல் மாறாது என்ற நிலைக்கு வந்த பிறகுதான் நிரந்தர இழப்பை அளப்பார்கள். உங்களுடையதைப் போன்ற காயத்தில் அதற்குப் பல மாதங்கள் ஆகும், ஓர் ஆண்டுகூட ஆகலாம். அதற்கு முன் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்று எழுதிக் கொடுப்பவர், தன்னிடம் என்ன இருக்கிறது என்று பார்க்காமலே விற்பவர்.

மேலாளர் மேல் கோபப்பட வேண்டியதில்லை, வாக்குவாதமும் வேண்டாம். “டாக்டர் கை முழுசா ஆறலன்னு சொல்றார், ஆறினப்புறம் பேசிக்கலாம். தாளை விட்டுட்டுப் போங்க, படிச்சுப் பாக்கறேன்” என்று சொன்னால் போதும். அவர் தாளை விட்டுப் போனால் பத்திரமாக வையுங்கள்.

இந்த வாரமே எழுத்தில் வரவேண்டியவை

விபத்தைப் பற்றி நிறுவனத்துக்கு நீங்கள் எழுத்தில் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. எல்லோருக்கும் தெரியுமே என்று நினைத்திருப்பீர்கள். அதை நம்பி இருக்காதீர்கள். தேதி, ஷிஃப்ட், எந்த மெஷின், என்ன சிக்கியது, மூடி இல்லாதது, அப்போது பக்கத்தில் இருந்தவர்கள் யார் யார் என்று ஒரு பக்கத்துக்குள் எழுதி, பெற்றுக்கொண்டதற்கு அடையாளம் கிடைக்கும் வழியில் அனுப்புங்கள். மனுவுக்குக் காலக்கெடு உண்டு. ஒன்பது வாரம் என்பது சில இடங்களில் தாராளமான அவகாசத்துக்குள் இருக்கும், சில இடங்களில் தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். உள்ளூரில் முதலில் விசாரிக்க வேண்டியது இதைத்தான்.

இன்னொரு காகிதம் இதைவிட முக்கியம், அதை யாரும் கவனிப்பதில்லை. அன்றிரவு மருத்துவமனையில் உங்களைச் சேர்த்தபோது எழுதிய முதல் குறிப்பு. ‘எப்படி அடிபட்டது’ என்ற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் வலியில் இருந்திருப்பீர்கள், விவரம் சொன்னது கூட வந்த நிறுவனத்து ஆளாக இருந்திருக்கும். ‘வீட்டில் கண்ணாடி கிழித்தது’ என்று எழுதிவைத்த குறிப்புகள் பல தடவை என் மேசைக்கு வந்திருக்கின்றன. உங்கள் குறிப்பில் வேலையிடம், மெஷின் என்ற விவரம் இருந்தால் நிம்மதி. இல்லாவிட்டால், உண்மையில் நடந்ததை எழுதி, பதிவில் சேர்க்கச் சொல்லி உடனே மருத்துவமனைக்குக் கடிதம் கொடுங்கள். ஒரு வருடம் கழித்துத் திருத்தக் கேட்டால் யாரும் நம்ப மாட்டார்கள். அறுவை சிகிச்சைக் குறிப்பு, டிஸ்சார்ஜ் சுருக்கம், பயிற்சிக்குப் போன தேதிகள், போக்குவரத்துக்கும் மருந்துக்கும் கொடுத்த ரசீதுகள் எல்லாவற்றையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள்.

அண்ணனுக்கும் ஒரு வார்த்தை

அண்ணன் உங்கள் மேல் உள்ள பாசத்தில் பேசுகிறார், சந்தேகமில்லை. ஆனால் அந்த ஸ்லிங்கை இன்றே கழற்றிவையுங்கள். தசைநாண் தைத்த கைக்குப் பெரிய எதிரி அசையாமை. முதல் வாரங்களில் அளவோடு, பாதுகாப்போடு அசைத்தோம், இப்போது பயிற்சியை ஒவ்வொரு படியாகக் கூட்டும் காலம். இந்த நேரத்தில் கையை மடித்துக் கழுத்தில் மாட்டிவைத்தால் தசைநாண் ஒட்டும், விரல் மூட்டு இறுகும், தோள்கூடப் பிடித்துக்கொள்ளும். பரிசோதகரிடம் காட்டுவதற்காகப் போட்ட வேஷம் நிஜமாகவே முடங்கிய கையில் போய் முடியும். இன்னொன்று, கை திடீரென்று அதிகமாக வீங்கினாலோ, நிறம் மாறினாலோ, துணி பட்டாலே எரிந்தாலோ அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் மருத்துவரிடம் போய்விடுங்கள்.

அசைத்துக் காட்டாதே என்ற யோசனையும் உதவாது. பிடிவலிமையை அளக்கக் கருவி இருக்கிறது. அதை மூன்று தடவை அழுத்தச் சொல்வார்கள். முழு முயற்சியோடு அழுத்தினால் மூன்று அளவுகளும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில் வரும். தாறுமாறாக வந்தால் பரிசோதகர் புருவத்தை உயர்த்துவார். வலியும் பயமும்கூட அளவைக் குலைக்கும் என்பதால் அதை மட்டும் வைத்துப் பொய் என்று சொல்லிவிட முடியாதுதான். ஆனாலும் ஒரு தடவை சந்தேகம் விழுந்தால், உங்களுக்கு உண்மையிலேயே இருக்கும் மரமரப்பையும் நம்பாமல் போய்விடுவார்கள். முடிந்ததை முடியும் என்றும், முடியாததை முடியாது என்றும் அப்படியே சொல்லுங்கள். பாத்திரத்தைத் தூக்க முடிகிறது, ஆனால் ஈரத்துணியைப் பிழிய முடியவில்லை என்பது போன்ற சின்னச் சின்ன விவரங்கள்தான் மதிப்பீட்டுக்கு உதவும்.

ஒரு நாள் வேலைக்குப் போனாலும் எல்லாம் போச்சு என்பதும் பொதுவாகச் சரியல்ல. மூன்று விஷயங்கள் தனித்தனி. வேலைக்குப் போகாத நாட்களுக்கான தொகை, நீங்கள் திரும்பியதும் நிற்கும் அல்லது குறையும். குறைந்த நேரம், குறைந்த சம்பளத்தில் திரும்பினால், வித்தியாசத்தில் ஒரு பகுதியைத் தரும் முறை பல நாடுகளில் உண்டு. காயத்துக்கான சிகிச்சைச் செலவு தேவை இருக்கும்வரை தொடரும். நிரந்தர இழப்புக்கானது கை நிலைப்பட்ட பிறகு அளக்கப்படுவது. சம்பளம் குறைந்ததா என்று மட்டும் பார்க்காமல், உடலின் செயல் எவ்வளவு போனது என்றும் அதில் பல இடங்களில் பார்ப்பார்கள்.

திரும்புவது எப்படி, எப்போது?

மேலாளர் சொல்கிறபடி அடுத்த வாரம் என்றால் உங்களுக்குப் பத்தாவது வாரம். தைத்த தசைநாணைப் பொதுவாக 12 வாரம் ஆகாமல் முழுப் பலத்தோடு இறுக்கிப் பிடிக்கவும் கனம் தூக்கவும் விடமாட்டோம். அட்டைக் கட்டை இழுத்து ஏற்றும் வேலையில் அது மறுபடி அறுந்தால், இரண்டாவது தடவை சரிசெய்வது முதல் தடவையைவிடக் கடினம். ஆகவே அடுத்த வாரம் அதே மெஷின் வேண்டாம். உங்கள் அறுவை சிகிச்சை நிபுணர் கையைப் பார்த்துச் சொல்லும் தேதிதான் கணக்கு.

ஆனால், முழுதாகக் குணமான பிறகுதான் வாசலைத் தாண்டுவேன் என்றும் இருக்காதீர்கள். 2006-இல் பிரிட்டன் அரசுக்காக கார்டன் வாடெல், கிம் பர்ட்டன் இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். பொதுவாக வேலை உடலுக்கும் மனதுக்கும் நல்லது, வேலையின் தன்மையும் தரமும் அதில் முக்கியம் என்றார்கள். நான் பார்க்கும் நோயாளிகளிடமும் அதைத்தான் காண்கிறேன். நீண்ட நாள் வீட்டிலேயே இருப்பவருக்கு வலி பெரிதாகிறது, உறக்கம் கெடுகிறது, திரும்பிப் போகும் நாள் தள்ளிக்கொண்டே போகிறது. பாதுகாப்பான, குறைத்த வேலையில் சீக்கிரம் உட்கார்ந்தவர்கள் நன்றாகவே தேறுகிறார்கள்.

அதற்கு, மருத்துவர் ‘லைட் டூட்டி’ என்று இரண்டே சொல் எழுதினால் போதாது. மேலாளருக்கு லைட் என்பது ஒன்று, உங்களுக்கு வேறு. சீட்டில் இப்படி எழுதித் தரச் சொல்லுங்கள்: வலது கையால் இத்தனை கிலோவுக்கு மேல் தூக்கக் கூடாது, இறுக்கிப் பிடிக்கும் கருவி கூடாது, அதிரும் இயந்திரம் கூடாது, உணர்வில்லாத விரல் சூடான பசையிலோ கூரான விளிம்பிலோ படக் கூடாது, ஒரு நாளில் இத்தனை மணி நேரம், பயிற்சிக்கு இடைவேளை, இத்தனாம் தேதி மறுபரிசோதனை. அந்தச் சீட்டைப் பார்த்தால் எந்த மேலாளருக்கும் ஏதாவது ஒரு வேலை தோன்றும். தயாரான பெட்டிகளைச் சரிபார்ப்பது, எண்ணிக்கை எழுதுவது, புதிதாக வந்தவருக்கு மெஷின் சொல்லிக்கொடுப்பது என்று உங்கள் தொழிற்சாலையிலேயே இருக்கிறது.

இப்படிக் கேட்பது சலுகை கேட்பது ஆகாது. நான் சொன்ன 121-ஆம் உடன்படிக்கை மறுவாழ்வு சேவையும், பொருத்தமான வேலையில் அமர்த்த முயற்சியும் வேண்டும் என்கிறது. 2006-இல் ஐ.நா. ஏற்ற மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 27-ஆம் பிரிவு, வேலையின்போது ஊனமடைந்தவர்களையும் சேர்த்தே பேசுகிறது. வேலையைத் தக்கவைப்பது, திரும்ப வருவது இரண்டையும் வெளிப்படையாகக் குறிப்பிடுகிறது. உங்கள் நாட்டுச் சட்டம் இதை எவ்வளவு தூரம் ஏற்றிருக்கிறது என்பதை வழக்கறிஞர் சொல்வார். க்ளெய்ம் போட்டதற்காக வேலையை விட்டு நீக்குவதைப் பல நாடுகள் தடைசெய்கின்றன. தடை இருக்கும் இடத்திலும் சிலர் வேறு காரணம் காட்டி நீக்கப் பார்ப்பார்கள். அந்த ஆபத்து இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். மேலாளரோடு நடக்கும் பேச்சையெல்லாம் தேதி போட்டுக் குறித்துவைக்கச் சொல்வது அதனால்தான்.

கடைசியில் எழுதியிருந்தீர்களே, அந்த வியர்வை, அந்தத் தூக்கமின்மை, அது கோழைத்தனமில்லை. கை அறுபட்ட அந்த நொடியை மூளை இன்னும் விடவில்லை. பலருக்குச் சில வாரங்களில் தானாகத் தணியும். ஒரு மாதம் தாண்டியும் உங்களை விடவில்லை என்பதால் இதற்கும் சிகிச்சை வேண்டும், நல்ல சிகிச்சை இருக்கிறது. அடுத்த தடவை மருத்துவரிடம் போகும்போது இதையும் சொல்லி, குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். காயத்தைத் தொடர்ந்து வரும் மனப் பாதிப்பையும் கணக்கில் எடுக்கும் நாடுகள் பல. எழுத்தில் இல்லாததை யாராலும் கணக்கில் எடுக்க முடியாது. அந்த மெஷினுக்குத் திரும்புவதையும் படிப்படியாகச் செய்யலாம். முதலில் அது ஓடாதபோது போய் நில்லுங்கள். மூடி மறுபடி மாட்டியிருக்கிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு வேறொருவர் ஓட்டும்போது சற்றுத் தள்ளி நின்று பாருங்கள். மூடி இல்லாமல் அந்த மெஷினைத் தொட மாட்டேன் என்று சொல்ல உங்களுக்கு முழு நியாயம் உண்டு. உங்கள் இடத்தில் இப்போது நிற்பவருக்கும் அதே நியாயம் உண்டு.

இவ்வளவுக்கும் பிறகு மேலாளர் மாற்று வேலை கிடையாது என்றே சொன்னால், மருத்துவர் தந்த சீட்டின் நகலைக் கொடுத்து, கிடையாது என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். தர மறுத்தால், ‘இன்ன தேதியில் இந்தச் சீட்டோடு வேலைக்கு வந்தேன், மாற்று வேலை இல்லை என்று திருப்பி அனுப்பினீர்கள்’ என்று நீங்களே அவருக்கு எழுதி அனுப்புங்கள். வேலை செய்யத் தயாராக வந்தவரைத் திருப்பி அனுப்பியதற்கு அது சாட்சி, தற்காலிகத் தொகை தொடர வேண்டும் என்று கேட்க அதுதான் பலம். கைப் பயிற்சியை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் ஒரு நாளும் விட்டுவிடாதீர்கள்.